கூலிக்கு வந்த கூட்டமா? கூலியை இழந்து வந்த கூட்டமா?

ஒரு நாட்டில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டால், ஆட்சியில் இருப்பவர்கள் முதலில் சொல்லும் பதில் ஒன்று உண்டு.

"இவர்கள் தாங்களாக வரவில்லை. யாரோ தூண்டிவிடுகிறார்கள்!"

இந்தப் பதில் இன்று நேற்று பிறந்தது அல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியிலும் இதே பதில்தான். ஜார்ஜியா என்ற நாட்டிலும் இப்போது இதே பதில்தான். அவ்வளவு தூரம் போவானேன்? நமது தர்மபுரி மாவட்டத்தில் குடிதண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தால், "இவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும் ஆசாமி ஒருவராவது இருப்பார். குடம் காலியாக இருப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது!

தூண்டிவிடுகிறவர்களே உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பேசி, சோற்றுப் பொட்டலமும் கொடுத்து, வண்டியில் ஏற்றி வரும் கூட்டம் நாம் காணாததா? அதுவும் கூட்டம்தான். ஆனால் அது வேறு, இது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழி, நமது மாவட்டத்து மண்ணில் உயிரை விட்ட ஒரு மனிதரின் கதையில் கிடக்கிறது.

பாப்பாரப்பட்டிக்கு வந்த சிவா

பென்னாகரம் வட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே தியாகி சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். பிள்ளைகளும் சுற்றிப் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து கட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

சிவா இந்த ஊர்க்காரர் அல்ல. 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே அவர் வேலை. 1908-ம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடிக்குப் போனார். அங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளை இருந்தார்.

வ.உ.சி.யைப் பற்றித் தமிழருக்குச் சொல்ல வேண்டியது இல்லை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே அதுவரை ஆள் ஏற்றி, சரக்கு ஏற்றிக் காசு பார்த்து வந்தது பி.ஐ. கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. போட்டிக்கு ஒரு தமிழன் கப்பல் விட்டதும் அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா?

கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் பி.ஐ. கம்பெனி, "எங்கள் கப்பலில் சும்மா ஏறலாம். ஏறுகிறவர்களுக்குக் குடையும் இனாம்!" என்று சொல்லிவிட்டது.

இந்த இனாம் குடையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்நிய ஆதிக்கம் என்றால் எப்போதும் துப்பாக்கியோடுதான் வரும் என்று நினைக்கிறோம். சில சமயம் அது குடையோடும் வரும்!

மில் கூலிகளின் 9 நாள்

தூத்துக்குடியில் ஹார்வி என்ற வெள்ளைக்காரர்களின் கோரல் மில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நூல் நூற்றார்கள். பொழுது விடியுமுன் உள்ளே போனால், பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரலாம். வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்ற பேச்சே கிடையாது.

சிவாவும் வ.உ.சி.யும் இவர்களிடம் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது.

அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவன் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? முதல் நாள் வீரம் இருக்கும். மூன்றாம் நாள் பானை காலியாகிவிடும். அந்த மூன்றாம் நாளைத்தான் எந்த முதலாளியும் எதிர்பார்த்துக் காத்திருப்பான். ஆனால் தூத்துக்குடியில் நடந்தது வேறு. ஊரார் பணம் போட்டார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது. சிலருக்கு வேறு வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரருக்குச் சாமான் விற்கக் கடைக்காரர்கள் மறுத்தார்கள். வெள்ளைக்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, விஷயம் தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று கதை உண்டு. பாதி முகத்தோடு அந்த வக்கீல் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ!

9 நாளில் மில் பணிந்தது. கூலி கூடியது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

இதுவரை நடந்தது கூலிச் சண்டை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வாயை மூடு என்ற உத்தரவு

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் அந்த மார்ச் 9-ந் தேதி சிறையிலிருந்து விடுதலை ஆனார். அதைத் தூத்துக்குடி ஜனங்கள் ஊர்வலம் நடத்திக் கொண்டாடினார்கள். கலெக்டர் விஞ்ச் துரைக்கு இது பொறுக்கவில்லை. வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் ஊரை விட்டுப் போக வேண்டும், அரசியல் பேசக் கூடாது என்றார். மூவரும் மறுத்தார்கள். மார்ச் 12-ந் தேதி அவர்களைச் சிறையில் போட்டார்கள்.

கடல் கடந்து வந்த ஒருவர் உள்ளூர்க்காரரைப் பார்த்து, "இந்த ஊரை விட்டுப் போ" என்று சொல்கிறார்! அது அந்தக் காலத்துச் சட்டம்.

மறுநாள், மார்ச் 13. திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. மாணவர்கள் வெளியே வந்தார்கள். கூட்டம் பெருகியது. முனிசிபல் ஆபீசும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள்.

தூத்துக்குடியிலும் கடை அடைப்பு. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் மட்டுமா? வண்டி ஓட்டுகிறவர்கள், சவரத் தொழிலாளிகள், தெருக் கூட்டுகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டார்கள்.

இந்த இரண்டாம் வேலைநிறுத்தத்தில் மில் தொழிலாளி என்ன கேட்டான்? கூலி உயர்வா? அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. லீவா? அதுவும் கிடைத்துவிட்டது. மீண்டும் மில்லை நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தினான். தனக்காகப் பேசியவரின் வாயை அடைக்கக் கூடாது என்பதற்காக நிறுத்தினான். இந்தியாவில் அரசியல் காரணத்துக்காகத் தொழிலாளர் செய்த முதல் வேலைநிறுத்தங்களில் இது ஒன்று. பம்பாய் மில் தொழிலாளர்கள் திலகருக்காக வேலையை நிறுத்தியது அதே ஆண்டு ஜூலையில்தான்.

யாரோ தூண்டிவிட்டுத்தான் இது நடந்தது என்றார்கள் அதிகாரிகள். சரி, தூண்டியவர் சிறையில் இருக்கிறார். அப்புறம் எப்படி நடந்தது?

நான் தேடிய வழி இதுதான். கூட்டத்தைப் பார்த்ததும், "யார் அனுப்பியது?" என்று கேட்பதற்கு முன்னால், "இவர்களுக்கு இதனால் லாபமா, நஷ்டமா?" என்று கேட்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு வந்த கூட்டத்துக்கு அன்று லாபம். கூலியை இழந்து வந்த கூட்டத்துக்கு அன்று நஷ்டம். தன் கைக்காசை இழந்து, தடியடிக்கும் துணிந்து ஒருவன் வந்தால், அவனை எந்த நாட்டுக்காரனாலும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியில் நெருப்பு வைத்தது தவறு. தண்டப் போலீஸ் கொண்டு வந்து நிறுத்தவும், அந்தச் செலவை ஊரார் தலையிலேயே கட்டவும் சர்க்காருக்கு அது ஒரு சாக்காகப் போயிற்று. கடையை மூடிய கை பலமான கை. தீக்குச்சி கிழித்த கை அந்தப் பலத்தைக் கரைத்துவிட்டது.

1908 ஜூலை 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. குற்றம், ராஜத் துரோகம். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. மேல் கோர்ட்டில் இருவருக்கும் 6 ஆண்டாகக் குறைந்தது. வ.உ.சி. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். சிவா சேலம் சிறையில் கிடந்தார். 1912-ல் வெளியே வரும்போது அவர் உடம்பில் தொழுநோய் இருந்தது.

தொழுநோய்க்காரர் ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு மேடை ஏறினார். மறுபடியும் சிறைக்குப் போனார். கடைசியில் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு அங்கே ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். சித்தரஞ்சன் தாஸ் 1923-ல் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைப் பார்க்கச் சிவா இருக்கவில்லை. 1925 ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியில் உயிர் பிரிந்தது. வயது 40.

கருங்கடல் ஓரத்தில்

இப்போது ஜார்ஜியாவுக்கு வருவோம். அங்கே நடப்பதும் இதே வழக்குத்தான், கொஞ்சம் சிக்கலான வழக்கு.

ஜார்ஜியா கருங்கடல் ஓரத்தில் உள்ள மலைநாடு. தலைநகர் திபிலிசி. ஜனத்தொகை சுமார் 37 லட்சம். நமது சேலம் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி சுமார் 35 லட்சம் பேர் என்றால், அது எவ்வளவு சின்ன நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரனோ ருஷியா!

1801-ல் ருஷியச் சக்கரவர்த்தி இந்த நாட்டைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். 1918 மே 26-ல் ஜார்ஜியா சுதந்திரம் அடைந்தது. அடுத்த ஆண்டே தேர்தல் நடந்தது. பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 5 பெண்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. 1921 பிப்ரவரியில் செஞ்சேனை புகுந்தது. பிறகு 70 ஆண்டு சோவியத் ஆட்சி.

அந்த ஆட்சியிலும் ஜனங்கள் அடங்கிக் கிடக்கவில்லை. 1978-ல் ஜார்ஜிய மொழிக்கு இருந்த அரசு மொழி என்ற தகுதியை எடுத்துவிடப் பார்த்தார்கள். ஏப்ரல் 14-ந் தேதி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மாஸ்கோ பின்வாங்கியது. மொழிக்காகத் தெருவுக்கு வருவது என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியது இல்லை. 1989 ஏப்ரல் 9-ந் தேதி திபிலிசியில் கூடிய கூட்டத்தைச் சிப்பாய்கள் மண்வெட்டியாலேயே அடித்தார்கள். சுமார் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். இரண்டு ஆண்டு கழித்து, அதே ஏப்ரல் 9-ந் தேதியில் ஜார்ஜியா சுதந்திரப் பிரகடனம் செய்தது.

2008-ல் ருஷியாவோடு ஒரு யுத்தம். நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் இன்றும் ருஷியப் படைகளின் பிடியில் இருக்கிறது. ஆகவே அங்கே 'அந்நியன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று சொல்லத் தேவை இல்லை.

2012 முதல் 'ஜார்ஜியக் கனவு' என்ற கட்சி ஆள்கிறது. அதைத் தொடங்கியவர் இவானிஷ்விலி என்ற பெரும் பணக்காரர். பணம் சேர்த்தது ருஷியாவில். இந்த ஆட்சி 2024 மே மாதத்தில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பத்திரிகையோ சங்கமோ, தன் வருமானத்தில் 100-க்கு 20-க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கினால், "அந்நிய நாட்டின் நலனுக்காக வேலை செய்பவர்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும்!

முந்திய ஆண்டே இதைக் கொண்டு வரப் பார்த்து, ஜனங்கள் திரண்டதால் வாபஸ் வாங்கியிருந்தார்கள். மறுபடியும் கொண்டு வந்தார்கள். ஜனாதிபதி கையெழுத்துப் போட மறுத்தார். பாராளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. ருஷியாவில் 2012 முதல் இதைப் போன்ற சட்டம் இருக்கிறது. அதனால் ஜனங்கள் இதற்கு 'ருஷியச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள்.

வேடிக்கையைக் கவனியுங்கள். சர்க்கார் ஜனங்களைப் பார்த்து, "நீங்கள் ஐரோப்பாவின் கையாள்" என்கிறது. ஜனங்கள் சர்க்காரைப் பார்த்து, "நீங்கள் ருஷியாவின் கையாள்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வசை. யாரை நம்புவது?

வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறு இல்லை. நமது நாட்டிலும் 1976 முதல் அதற்குச் சட்டம் உண்டு. 2010-ல் புதுச் சட்டமும் வந்தது. அது நியாயமாக நடக்கிறதா என்று இங்கேயும் விவாதம் உண்டு. ஆனால் கணக்குக் கேட்பது ஒன்று. "இவன் அந்நியன்" என்று நெற்றியில் சூடு போட்டு, அவன் பேச்சை யாரும் கேட்காமல் செய்வது இன்னொன்று. கலெக்டர் விஞ்ச் துரை எந்த வேலையைச் செய்தாரோ, இந்தச் சட்டம் அந்த வேலையைச் செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2024 அக்டோபர் 26-ல் தேர்தல் நடந்தது. ஆளும் கட்சி ஜெயித்ததாக அறிவித்தார்கள். வாக்காளர்களை மிரட்டியதாகவும் விலைக்கு வாங்கியதாகவும் புகார்கள் எழுந்தன. வெளிநாட்டுப் பார்வையாளர்களும் அதைக் குறிப்பிட்டார்கள். சர்க்கார் மறுத்தது. நவம்பர் 28-ந் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சு 2028 முடியும் வரை இல்லை என்று பிரதமர் சொன்னார். ஐரோப்பாவோடு சேர்வது அந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கும் லட்சியம். அன்று இரவே ஜனங்கள் ருஸ்தவேலி வீதியில் கூடினார்கள். தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப் புகை, தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. அப்படியும் ஓராண்டைத் தாண்டி இரவுதோறும் கூடினார்கள்!

லாபமா, நஷ்டமா?

சரி, நமது தராசை எடுப்போம். இந்தக் கூட்டத்துக்கு இதனால் லாபமா, நஷ்டமா?

வீதியை மறித்தால் அபராதம் 5,000 லாரி என்று உயர்த்தினார்கள். லாரி என்பது அந்த நாட்டு நாணயம். ஒரு சாதாரணச் சம்பளக்காரரின் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். பிறகு அபராதம் போதாது என்று சிறைத் தண்டனையே கொண்டு வந்தார்கள். வெளிநாடுகளில் தூதர்களாக இருந்த சிலர் பதவியை உதறினார்கள். தூதர் பதவி என்ன லேசான பதவியா? மிசியா அமக்லோபெலி என்ற பெண் பத்திரிகையாளர் போலீஸ் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார் என்று 2025-ல் அவருக்கு 2 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அறைந்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஓர் அறைக்கு இரண்டு ஆண்டா? அந்த ஆண்டே ஐரோப்பியப் பாராளுமன்றம் தன் சகாரோவ் விருதை அவருக்கும் பெலாரஸ் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவருக்கும் அளித்தது.

வெளியிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு உதவி வரவே இல்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை இழக்கத் துணிந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, இரவுக்கு இரவு வந்து நிற்கிறவர்களை, "கூலிக்கு வந்தவர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூத்துக்குடி மில் தொழிலாளிதான் அங்கே நிற்கிறான்.

நமது வீட்டு வாசலில்

வெள்ளைக்காரன் போய்விட்டான். நம்மிடம் ஓட்டு இருக்கிறது. தர்மபுரிக்காரர்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். 2019, 2024 இரண்டு பாராளுமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் ஓட்டுப் போட்ட தொகுதி தர்மபுரிதான். இரண்டு முறையும் 100-க்கு 80 பேருக்கு மேல்! கொளுத்தும் ஏப்ரல் வெயிலில், வயதானவர்களையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து போட்ட ஓட்டு. பெரிய படிப்புப் படித்த சென்னை இதைப் பார்த்து வெட்கப்படலாம்.

ஆனால் தேர்தலுக்கு முந்திய இரவில் கதவைத் தட்டுகிறானே ஒருவன், கையில் கவரோடு, அவனும் தமிழ்நாட்டில் உண்டு. நமது பக்கத்து வேலூர்த் தொகுதியில் 2019-ல் பணம் பிடிபட்டதால் தேர்தலையே நிறுத்தி, பிறகு தனியாக நடத்தினார்கள். அந்தக் கவர் எந்த நாட்டுப் பணம் என்பதா முக்கியம்? பி.ஐ. கம்பெனியின் குடை ஒரு கோடை மழைக்குத் தாங்கியிருக்கலாம். சுதேசிக் கம்பெனி 1911-க்கு மேல் இல்லை. கப்பல்களை விற்றுவிட்டார்கள். வ.உ.சி. சிறையிலிருந்து வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவாவின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்கிறீர்கள். மிகவும் நல்லது. கூடவே 1908 மார்ச் 13-ந் தேதி திருநெல்வேலியில் குண்டடிபட்டுச் செத்த அந்த 4 பேரையும் சொல்லுங்கள். கிடைத்த கூலி உயர்வை விட்டுவிட்டு மில்லுக்கு வெளியே வந்து நின்றவர்களைச் சொல்லுங்கள். பாதிச் சவரத்தில் எழுந்து போன அந்தத் தொழிலாளியின் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவர் ஏன் எழுந்து போனார் என்று கேட்பார்கள்.